இருபத்தொரு ராத்திரி

திருமுக்கூடல்
20-1-2025, திங்கள்

சுகாசினி அப்பாவுக்கு எல்லம்மாள் எழுதுவது.

நலமா என்று கேட்கப் போவதில்லை. எல்லாம் நலமாக இருந்தால் நான் ஏன் தம்பி வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்றிலிருந்து பதினேழு முறை போன் செய்திருக்கிறீர்கள். எடுக்க மாட்டேன். எடுத்தால் பேசியே சிரிக்க வைத்துவிடுவீர்கள். முப்பது வருஷமாகப் பட்டுக்கடை மெத்தையில் உட்கார்ந்து, சும்மா பார்க்க வந்தவர்களை எல்லாம் கல்யாணப் புடவையோடு அனுப்பிய வாய் அது. தம்பி பெண்டாட்டி ரேவதியிடம் சொல்லி உங்கள் நம்பரை அடைத்துவிட்டேன். சொல்ல வேண்டியதை எழுதுங்கள். எழுதும்போதாவது மனுஷன் கொஞ்சம் யோசிப்பான். நம் தெரு கமல் கண்டக்டராக வரும் பஸ் தினமும் இந்தப் பக்கம்தான் போகிறது, அவன் கையில் கொடுத்தால் போதும்.

சனிக்கிழமை டாக்டரிடம் நான் பட்ட அவமானம் எனக்குத்தான் தெரியும். தூக்கத்தில் மணிக்கு ஐம்பத்திரண்டு தடவை உங்கள் மூச்சு நின்று நின்று வருகிறது, இப்படியே விட்டால் இதயத்துக்கு ஆபத்து என்று சொல்லித்தானே அந்த மெஷினைக் கொடுத்தார். மூக்கில் காற்றை ஊதித் தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்ளும், தினமும் போட்டால் போதும் என்றார். போட்டீர்களா? நர்ஸ் ஏஞ்சல் மெஷினின் கார்டைக் கம்ப்யூட்டரில் சொருகிவிட்டு உங்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். “சார், பொங்கல் நாலு நாளும் மெஷின் அஞ்சு அஞ்சு மணி நேரம் ஓடியிருக்குது. ஆனா நீங்க ஒருவாட்டி கூட மூச்சு வுடலயே சார்” என்றாள்.

வீட்டுக்கு வந்து பீரோ இடுக்கில் பார்த்தால், கை உடைந்தது என்று உங்கள் கடையில் கழித்துப் போட்ட பொம்மை நிற்கிறது. முகத்தில் மாஸ்க். நான் பொங்கலுக்கு மகள் வீட்டுக்குப் போன நாலு நாளும் மெஷினை அதற்கு மாட்டிவிட்டு நீங்கள் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறீர்கள். டாக்டரை ஏமாற்றலாம் என்று நினைத்தீர்களே, பொம்மை மூச்சு விடாது என்பது தோன்றவில்லையா?

என் முடிவு இதுதான். இருபத்தொரு ராத்திரி. ஒரு ராத்திரிக்கு நாலு மணி நேரத்துக்குக் குறையாமல். உங்கள் சொந்த முகத்தில். ஏஞ்சல் பார்த்து ஆமாம் என்று சொன்னால் வருவேன். இல்லாவிட்டால் இங்கேயே இருப்பேன். தம்பி ராமராஜன் வீட்டில் எனக்குச் சோறு இருக்கிறது.

எல்லம்மாள்

பால் அரை லிட்டர் போதும் என்று பால்காரரிடம் சொல்லிவிட்டேன்.


காஞ்சிபுரம்
22-1-2025

அன்புள்ள எல்லம்மாவுக்கு,

தப்புதான். ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் பக்கத்தைக் கொஞ்சம் விரித்துக் காட்டுகிறேன். பார்ப்பதற்குக் காசு இல்லை, வாங்கியே தீரவேண்டும் என்று கட்டாயமும் இல்லை.

அந்த மாஸ்க்கை நீ ஒருநாள் போட்டுப் பார்க்க வேண்டும். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிறது. ஸ்விட்சைப் போட்டால் ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டின மாதிரி இருக்கிறது. பட்டையைத் தளர்த்தினால் காற்று ஓரமாகக் கசிந்து கண்ணில் அடிக்கிறது. இறுக்கினால் காலையில் கன்னத்தில் இரண்டு பக்கமும் கோடு. முந்தாநாள் முதலாளி மொய்னுதீன் பாய் பார்த்துவிட்டு, “இன்னா முனிரத்தினம், ஊட்ல சண்டையா?” என்றார். மூக்குத் தண்டில் தோல் வேறு சிவந்துவிட்டது. இரண்டு மணிக்குக் கையே தன்னால் போய்க் கழற்றிவிடுகிறது. நான் கழற்றவில்லை, என் கை கழற்றுகிறது. இதற்கும் நானே பொறுப்பா?

என் நிலைமையும் உனக்குத் தெரியும். அரக்கோணத்துக் கல்யாணக் கூட்டத்துக்குப் பதினோராவது புடவையை விரித்துக்கொண்டிருந்தவன், முந்தானையைப் பிடித்த பிடியில் பெண்ணின் அத்தை மடியில் சாய்ந்து குறட்டை விட்டேன். குடித்திருக்கிறான் என்று சொல்லி எழுந்து போய்விட்டார்கள். அன்றிலிருந்து பாய் என்னைக் குடோனில் உட்கார வைத்திருக்கிறார். “ஆராம் பண்ணிக்க, ஒடம்பு சரியானதும் மெத்தைக்கு வா” என்கிறார். நல்ல மனுஷன்தான். ஆனால் தை மாசத்தில், ஊரே புடவை எடுக்க வரும்போது, நான் அட்டைப் பெட்டிக்கு மூடி போட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த வருத்தத்தில்தான் பொம்மை யோசனை வந்தது. சீக்கிரம் நல்ல ரிப்போர்ட் வாங்கிவிட்டால் மெத்தைக்குத் திரும்பலாம் என்று பார்த்தேன்.

பொம்மையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இன்று ராத்திரியிலிருந்து என் முகம்தான். ஒன்று மட்டும் கேட்கிறேன். இருபத்தொன்று என்பது சொல்லும் விலையா, கொடுக்கும் விலையா?

முனிரத்தினம்


திருமுக்கூடல்
24-1-2025

சுகாசினி அப்பாவுக்கு,

கொடுக்கும் விலை.

கன்னத்துக் கோட்டைப் பற்றி ஏஞ்சலிடம் போனில் கேட்டேன். நீங்கள் உட்கார்ந்துகொண்டு பட்டையை இறுக்குகிறீர்களாம், அதுதான் தப்பு. படுத்தால் முகத்துச் சதை சரிந்துவிடும். படுத்துக்கொண்டு, காற்று ஓடும்போது, கசிவு நிற்கிற அளவுக்கு மட்டும் சரிசெய்ய வேண்டும். பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். மூக்கில் படுகிற ரப்பரைத் தினமும் காலையில் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். நீங்கள் ராத்திரி முகம் வரை வழிய வழியத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுக்கிறவர், அதில் எந்த மாஸ்க் நிற்கும். சோப்புப் போட்டு முகத்தைக் கழுவிவிட்டுப் படுங்கள். காற்று முதலில் மெதுவாக வந்து பிறகு ஏறுவதற்கு ஒரு பட்டன் இருக்கிறதாம். பகலில் டிவி பார்க்கும்போது அரைமணி நேரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பழகிவிடுமாம்.

கடைசியாக இன்னொன்றும் சொன்னாள். “சாருக்கு மீசை பெருசா இருக்குதும்மா, அதுல தான் காத்து லீக் ஆவுது. எடுத்துட்டாருன்னா நல்லது” என்றாள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அப்படியே எழுதிவிட்டேன்.

நான் இங்கே வந்த அன்று மதியம் படுத்தவள் மறுநாள் காலைதான் எழுந்தேனாம். ரேவதி பயந்துபோய்க் கஞ்சி வைத்துவிட்டாள். “அண்ணிக்கு இன்னா ஒடம்பு” என்று தம்பியைக் கேட்டாளாம்.

எல்லம்மாள்


காஞ்சிபுரம்
30-1-2025

அன்புள்ள எல்லம்மாவுக்கு,

மீசை விஷயத்தை இனி எழுத வேண்டாம். உன்னைப் பெண் பார்க்க வந்தபோதே இருந்த மீசை. உன்னைவிட மூத்த உறவு.

மற்றதெல்லாம் கேட்டேன். எண்ணெயை விட்டேன். படுத்துக்கொண்டு பட்டையைச் சரிசெய்தேன், கன்னத்தில் கோடு குறைந்துவிட்டது. பகலில் போட்டுப் பழகச் சொன்னாயே, ஞாயிற்றுக்கிழமை மாஸ்க்கோடு நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக் காமாட்சியம்மாள் கறிவேப்பிலை கேட்டு வந்தாள். திரும்பிப் பார்த்தேன். வந்த வழியே போய்விட்டாள். தெருவில் என்னைப் பற்றி இப்போது ஏதோ பேச்சு இருக்கிறது.

இன்னொன்று நடந்தது, மறைக்காமல் எழுதுகிறேன். தொண்டை காய்ந்துபோகிறது என்று ஏஞ்சலிடம் சொன்னேன். மெஷினில் இருக்கும் சின்னத் தொட்டியில் சுத்தமான தண்ணீர் ஊற்றினால் காற்று ஈரமாக வரும் என்றாள். எல்லாத் தண்ணீரும் ஆகாது, காய்ச்சி வடித்த தண்ணீர்தான் வேண்டும் என்றாள். அது தீர்ந்துபோன அன்று, வரதராஜப் பெருமாள் கோயிலில் வாங்கி வந்த தீர்த்தம் ஒரு சொம்பு வீட்டில் இருந்தது. இதைவிடச் சுத்தமான தண்ணீர் எங்கே இருக்கிறது என்று ஊற்றிவிட்டேன். அதில் பச்சைக் கற்பூரமும் ஏலக்காயும் இருப்பது நினைவில்லை. பத்தாவது நிமிஷம் மண்டைக்குள் கற்பூரம் ஏறி, தும்மி, மாஸ்க் பறந்து சுவரில் அடித்தது. விடியும்வரை தும்மினேன். அந்த ராத்திரி உன் இருபத்தொன்றில் சேராது, தெரியும்.

மீசையை விட மாட்டேன் என்று நேராகப் போய் ஏஞ்சலிடம் சொன்னேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு வேறு மாஸ்க் எடுத்துக் கொடுத்தாள். மூக்குத் துளை இரண்டிலும் சின்ன ரப்பர் உட்கார்ந்துகொள்கிறது, மீசைக்கு மேலேயே நின்றுவிடுகிறது. மூக்குத் தண்டிலும் படுவதில்லை. இந்த வசதியான சரக்கை முதலிலேயே காட்டியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். என்னிடம் வருகிறவர்களுக்கு நானும் நல்ல சரக்கைக் கடைசியில்தான் காட்டுவேன் என்பது பிறகு நினைவுக்கு வந்தது.

இதுவரை ஐந்து ராத்திரி. ஏஞ்சலிடம் கேட்டுக்கொள்.

முனிரத்தினம்


திருமுக்கூடல்
2-2-2025

சுகாசினி அப்பாவுக்கு,

கேட்டுக்கொண்டேன். ஐந்துதான்.

பெருமாள் தீர்த்தத்தைக் குடிக்கத்தான் கொடுக்கிறார்கள். மெஷினுக்கு ஊற்ற இல்லை. தொட்டியை நன்றாகக் கழுவிவிட்டு ஏஞ்சல் சொன்ன தண்ணீரையே ஊற்றுங்கள். சொம்பில் மிச்சம் இருந்தால் குடித்துவிடுங்கள், கீழே கொட்டாதீர்கள்.

உங்கள் கடிதத்தை ரேவதிக்குப் படித்துக் காட்டினேன். மாஸ்க் சுவரில் அடித்த இடத்தில் அவள் அடுப்பில் இருந்த பாலை மறந்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.

மீசை இருக்கட்டும்.

எல்லம்மாள்


காஞ்சிபுரம்
7-2-2025

அன்புள்ள எல்லம்மாவுக்கு,

பதின்மூன்று ராத்திரி முடிந்தது. குடோனில் பகலில் தூக்கம் வருவதில்லை. நேற்று பாய் சொன்ன கதையை முழுசாகக் கேட்டேன், இத்தனை வருஷத்தில் இதுதான் முதல்முறை. இவ்வளவு நீளமான கதை என்று எனக்குத் தெரியாது.

இப்போது இருக்கும் ஒரே தொல்லை வாய். மூக்கில் போகும் காற்று, தூக்கத்தில் வாய் திறந்தால் அந்த வழியாகப் புஸ்ஸென்று வெளியே போய்விடுகிறது. வாய் காய்ந்து எழுந்துவிடுகிறேன். தாடையைத் தாங்கிப் பிடிக்க ஒரு பட்டை இருக்கிறது, வரவழைக்கிறேன், ஒரு வாரம் ஆகும் என்றாள் ஏஞ்சல். ஒரு வாரம் யார் காத்திருப்பது. கடையில் கழித்துப் போட்ட பட்டுக் கரைத்துணி இரண்டு முழம் கொண்டுவந்தேன். தாடைக்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டால் வாய் திறப்பதில்லை. குழாயில் காற்றுப் போகும் இரைச்சலுக்குக் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறேன். பட்டு வழுக்குவதால் முடிச்சை மட்டும் கொஞ்சம் கெட்டியாகப் போட வேண்டும்.

இன்னும் எட்டு. நீ துணிமணியை மடித்து வைக்க ஆரம்பிக்கலாம்.

முனிரத்தினம்


காஞ்சிபுரம்
10-2-2025, திங்கள், மதியம்

அன்புள்ள எல்லம்மாவுக்கு,

நீ கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாய். ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை, என் வாய் கட்டியிருந்தது. முடிச்சை அவிழ்ப்பதற்குள் ஆட்டோ தெருமுனை திரும்பிவிட்டது. அதனால் எழுதுகிறேன். நான் உயிரோடு இருந்ததில் என் குற்றம் ஒன்றும் இல்லை.

நேற்று பத்தரைக்குக் கூடத்துக் கட்டிலில் படுத்தேன். தாடையைச் சுற்றித் துணி, காதில் பஞ்சு, மூக்கில் குழாய், மார்பு வரை வெள்ளைப் போர்வை, அதன்மேல் இரண்டு கையும். பார்க்க எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. படுக்கும்போது தெரியவில்லை. அப்படி ஒரு தூக்கம். எத்தனை வருஷத்துத் தூக்கமோ, ஐந்து மணிக்கு எழுகிறவன் ஏழரைக்கும் எழவில்லை.

என் குறட்டையைப் பற்றி வீட்டுக்கு வீடு குறை சொன்ன காமாட்சியம்மாளுக்கு, சத்தம் இல்லாதது சந்தேகமாகிவிட்டது. “ஜன்னல்ல எட்டிப் பாத்தேன், வாய்க்கட்டு போட்டு, காதுல பஞ்சு வெச்சி, கெடத்தியிருக்குது” என்று சொல்லித் தெருவைக் கூட்டியிருக்கிறாள். தனியாக இருக்கிறவனுக்கு வாய்க்கட்டுப் போட்டது யார் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை பார். நம் வீட்டுத் தாழ்ப்பாள்தான் ஜன்னலில் கைவிட்டால் திறக்குமே. உள்ளே வந்து என் கையைத் தொட்டிருக்கிறார்கள். தை மாசக் குளிரில் ராத்திரி முழுக்கப் போர்வைக்கு வெளியே கிடந்த கை. சில்லென்று இருந்ததாம். மெஷின் ஓடுகிறதே என்று கமல் கேட்டிருக்கிறான். “ஆஸ்பத்திரிக்காரங்க கொண்டாந்து வுட்டுட்டுப் பூட்டாங்க, கொழாயக்கூட கயட்டல” என்று காமாட்சியம்மாளே பதிலும் சொல்லியிருக்கிறாள். உனக்குப் போன் செய்ததும் அவள்தான்.

இவ்வளவு அழுகைக்கும் நான் எழவில்லை. பஞ்சை நன்றாக வைத்திருந்தேன்.

வீரபத்திரனை உனக்குத் தெரியும், சாவு வீட்டுக்குக் குளிர் பெட்டி வாடகைக்கு விடுகிறவன். வண்டியில் பெட்டியோடு வந்துவிட்டான். பெட்டியைக் கூடத்தில் இறக்கி, மூடியைத் திறந்து வைத்துவிட்டு, பிளக் தேடியிருக்கிறான். நம் கூடத்தில் இருப்பது ஒரே ஒரு பிளக். அதில் என் மெஷின். அதைப் பிடுங்கிவிட்டுத் தன் பெட்டியைச் சொருகிவிட்டான்.

காற்று நின்றது. மூச்சு முட்டி, படக்கென்று எழுந்து உட்கார்ந்தேன். எதிரே தெரு முழுக்க நிற்கிறது. பாய் கையில் ரோஜா மாலை. என்ன விசேஷம் என்று கேட்கப் பார்த்தேன், வாயைத் திறக்க முடியாமல் ஊம் ஊம் என்று வந்தது. கமல் ஓடியதில் வாசற்படியில் ஒரு செருப்பை விட்டுவிட்டான். வீரபத்திரன் பின்னால் நகர்ந்து நகர்ந்து தன் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான். பிறகு பாய்தான் கிட்டே வந்து, என் தோளைத் தொட்டுப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கொணாந்தது வீணாப் போவக் கூடாதுபா” என்று சொல்லி மாலையை என் கழுத்திலேயே போட்டார். அந்த நேரம்தான் நீ உள்ளே வந்தாய்.

நாளையிலிருந்து மெத்தைக்கு வரச் சொல்லிவிட்டார் பாய். காலையில் அவர் என்னைப் பற்றி அழுதுகொண்டே சொன்னதை எல்லாம் காமாட்சியம்மாள் ஒப்பித்தாள். அவ்வளவு நல்லவன் என்று தெரிந்திருந்தால் சம்பளம் கூடக் கேட்டிருப்பேன்.

எல்லம்மா, அடித்தது வலிக்கவில்லை. நீ செருப்புப் போடாமல் வந்திருந்தாய். ஆட்டோவில் ஏறும்போதுதான் பார்த்தேன். காலையிலிருந்து எனக்கு அதே நினைவாக இருக்கிறது. உன்னை இப்படி ஓடிவர வைத்துவிட்டேனே என்று வெட்கமாக இருக்கிறது.

பதினாறு ராத்திரி ஆகியிருக்கிறது. இன்னும் ஐந்து. விலையைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனாலும் கேட்கிறேன். வந்துவிடு.

முனிரத்தினம்


திருமுக்கூடல்
12-2-2025

சுகாசினி அப்பாவுக்கு,

அடித்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

அன்று போனை எடுத்தது ரேவதி. அவள் முகம் மாறினதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ராமராஜன் அழுதுகொண்டே ஆட்டோவை ஓட்டினான். நான் அழவில்லை. எண்ணிக்கொண்டிருந்தேன்.

உங்களிடம் இதை நான் சொன்னதில்லை. பதினோரு வருஷமாக, ராத்திரி உங்கள் குறட்டை நடுவில் நின்றுபோகும்போதெல்லாம் நான் மனசுக்குள் எண்ணுவேன். ஒன்று, இரண்டு, மூன்று. இருபதுக்குள் மூச்சு திரும்பிவிடும். சில நாள் முப்பது ஆகும். ஒரு முறை நாற்பத்தாறு வரை போயிற்று, தோளைப் பிடித்து உலுக்கினேன். “இன்னாமே, மனுசன தூங்க வுட மாட்டியா” என்று திட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தீர்கள். மூச்சு வந்தது என்று நான் கண்ணை மூடுவதற்குள் அடுத்தது நின்றுவிடும். மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று.

ஆட்டோவிலும் அப்படித்தான் எண்ண ஆரம்பித்தேன். வாலாஜாபாத் தாண்டும்போது ஆயிரம். எண்ணுவதை நிறுத்தினால் நீங்கள் செத்தது நிஜமாகிவிடும் என்று ஒரு எண்ணம், அதனால் நிறுத்தவில்லை. ராமராஜன் என்னமோ கேட்டான், பதில் சொல்லவில்லை, எண்ணிக்கை விட்டுப்போகும் என்று. நம் தெருவில் இறங்கும்போது இரண்டாயிரத்து எழுநூற்றுச் சொச்சம். உள்ளே வந்தால் நீங்கள் கழுத்தில் மாலையோடு உட்கார்ந்துகொண்டு முழிக்கிறீர்கள். அடிக்காமல் என்ன செய்வேன். அங்கேயே இருந்திருந்தால் எல்லார் எதிரிலும் கட்டிப்பிடித்து அழுதிருப்பேன். அதனால்தான் ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

நீங்கள் செய்த பொம்மை வேலைக்குக் கோபித்துக்கொண்டு வந்தேன் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். கோபம் வந்தது உண்மைதான். ஆனால் வீட்டை விட்டு வந்தது அதற்காக இல்லை. எனக்குத் தூக்கம் வேண்டியிருந்தது. இருபத்தொரு ராத்திரி என்று சொன்னபோது எனக்கும் சேர்த்துத்தான் சொன்னேன். இங்கே வந்து நன்றாகத் தூங்கினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரியும் நன்றாகத் தூங்கினேன். கூட இருந்து எண்ணியிருந்தால் உலுக்கியாவது எழுப்பியிருப்பேனே, தூங்கிவிட்டேனே என்று வழியெல்லாம் அதுதான் என்னை அறுத்தது.

காமாட்சியம்மாள் இப்போது தினமும் காலையில் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்கிறாள். “மூச்சு வுடுறாரு, நல்லா பாத்துட்டேன்” என்கிறாள். நேற்றும் இன்றும் போட்டுக்கொண்டு படுத்திருந்தீர்களாம். தாடைப் பட்டை வந்துவிட்டது என்று ஏஞ்சல் சொன்னாள், போய் வாங்கிக்கொண்டு அந்தக் கரைத்துணியைத் தூக்கிப் போடுங்கள். கூடத்தில் இன்னொரு பிளக் வைக்கச் சொல்லுங்கள்.

இருபத்தொன்று ஆகவில்லை, இருந்தாலும் வெள்ளிக்கிழமை வருகிறேன். பால்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

வந்த பிறகு ஒன்று மட்டும் செய்ய மாட்டேன். எண்ண மாட்டேன். மாஸ்க் முகத்தில் இருக்கிறதா என்று நடுராத்திரியில் எழுந்து பார்க்க மாட்டேன். கழற்றி வைத்துவிட்டுப் படுத்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. உங்கள் பக்கத்தில்தான் படுத்திருப்பேன், ஆனால் தூங்கிக்கொண்டிருப்பேன்.

எல்லம்மாள்